நுரையீரல் தமனிக்குள் பிரஷர் சென்சார்: அப்பாவுக்கு வைக்கலாமா?

கேள்வி: மொரிஷியஸில் வாக்வாவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதால் இந்த வருடம் மட்டும் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாரிஸில் இருக்கும் அண்ணன், “ரப்பர் மாதிரி வளைகிற பிரஷர் சென்சாரை உள்ளே வைத்துவிட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும்” என்கிறார். பேட்டரி மாற்ற வேண்டி வருமா? அப்பா தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். அதற்குத் தடை உண்டா?

பதில்: அண்ணன் இரண்டு சங்கதிகளை ஒன்றாக்கிவிட்டார். வளைகிற சென்சார்கள் இருப்பது உண்மைதான். மூளைக்குள் அழுத்தத்தை அளந்துவிட்டுத் தானாகக் கரைந்துபோகும் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டார்கள். ரத்தக் குழாயைச் சுற்றிக் கட்டுகிற மெல்லிய ஒன்று 2019-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. இரண்டையும் சோதித்தது எலிகளில். உங்கள் அப்பா மாதிரி நோயாளிகளுக்கு நுரையீரல் தமனிக்குள், அதாவது இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள், இப்போது பெரும்பாலும் வைப்பது கார்டியோமெம்ஸ் என்ற சென்சார். அமெரிக்காவில் 2014-ல் அனுமதி பெற்றது. சுமார் 15 மில்லிமீட்டர் நீளம், இரு முனையிலும் மெல்லிய கம்பி வளையம். அதன் அளக்கும் பாகம் வளையாது, ஒருவகைக் கண்ணாடி.

ஏன் கண்ணாடி? காகிதக் கட்டைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்டை நாலு வருடம் கழித்துக் கழற்றிப் பாருங்கள், பழைய இழுவை இருக்காது. மிருதுவான பிளாஸ்டிக்குக்கும் அதே கதைதான். போதாததற்குச் சிலிக்கோன் வழியே நீராவி ஊடுருவும், உடம்பும் தன் பங்குக்குச் சுற்றிலும் தழும்புத் திசுவை வளர்க்கும். அளவு மெல்ல மெல்ல விலகிப்போகும். ஐந்து புள்ளி தவறாகக் கூடுதலாகக் காட்டினாலும் டாக்டர் நீர் மாத்திரையை ஏற்றிவிடுவார். அப்புறம் தலைசுற்றல், சிறுநீரகத்துக்குச் சிரமம்.

பேட்டரி கிடையாது. உள்ளே இருப்பது ஒரு கம்பிச்சுருளும், நடுவே சிறு இடைவெளி விட்ட இரண்டு தகடுகளும்தான். ரத்தம் அழுத்தினால் இடைவெளி குறையும், சுருள் ஒலிக்கிற அலைவரிசை மாறும். பழைய ரேடியோவில் குமிழைத் திருப்பி ஸ்டேஷன் பிடிப்போமே, அந்தத் தத்துவம்தான். அப்பா தினமும் ஆன்டெனா பொதிந்த தலையணையில் சிறிது நேரம் படுத்தால் அது அலைவரிசையைப் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிடும்.

நம் தீவுக்காரர்கள் கவனிக்க ஒன்று. அந்தச் சென்சார் மேல் ரத்தத்தின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தமும் சேர்ந்தே விழுகிறது. போர்ட் லூயிஸிலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்புக்கு ஏறினால் காற்றழுத்தம் பாதரச அளவில் 45 மில்லிமீட்டருக்கு மேல் குறையும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தமோ, ஆரோக்கியமானவருக்கு 20-ஐத் தாண்டாது! புயல் நெருங்கும்போதும் காற்றழுத்தம் இப்படித்தான் இறங்கும். அதனால்தான் தலையணையோடு வரும் பெட்டி காற்றழுத்தத்தைத் தனியாக அளந்து கழித்துவிடுகிறது. தலையணையை மகள் வீட்டுக்குக் கொண்டுபோனாலும், பெட்டியும் கூடவே போகவேண்டும்.

சரி, பலன் உண்டா? 550 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியான சோதனையில், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது ஆறு மாதத்தில் 28 சதவீதம் குறைந்தது. மூச்சு வாங்குவதற்குப் பல நாள் முன்பே அழுத்தம் ஏறத் தொடங்குவதால் அதற்குள் மாத்திரையை மாற்ற முடிந்தது. ஆனால் அந்த எண்ணை யாராவது பார்த்து, அன்றைக்கே போன் செய்து, மருந்தை மாற்றினால்தான் இந்தப் பலன். சென்சார் வைத்தியம் பார்க்காது. அண்ணன் பாரிஸில் வைத்துக் கொடுத்தால், அப்பா வாக்வா திரும்பியதும் அதை யார் படிப்பார்? இதற்கு ஒரு டாக்டர் தெளிவாகப் பதில் சொல்லாத வரை நான் வேண்டாம் என்றே சொல்வேன். அலமாரியில் தூங்கும் தலையணைக்காக தொடை இடுக்கு ரத்தக் குழாய் வழியே குழாய் விடுவானேன்?

குழாய் விடும்போது சாய மருந்தும் ஏற்றுவார்கள் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் சென்சார் வைத்ததற்குக் கொடுக்கும் அட்டையைக் காட்டவேண்டும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு எடுக்கலாம்.

காவடிக்குச் சென்சார் தடையில்லை, தடையாகக்கூடியது இதயம்தான். வைத்த பிறகு குறைந்தது ஒரு மாதம் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். அந்த நாட்களில் அலகு குத்தவே கூடாது. விரதம், வெயில், நீர் மாத்திரை மூன்றும் சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும், எனவே மாத்திரை அளவை விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். முடிவில் இலையில் விழும் ஏழு கறியில் ஊறுகாயை மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள், உப்பு அதில்தான் அதிகம்.

சென்சார் வைப்பதும் வைக்காததும் பிறகு. நாளைக் காலையிலிருந்தே, சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், அப்பாவை எடை மெஷினில் ஏற்றுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.