தலைக்கு மேல் வெல்டிங்: உருகிய இரும்பு தோளில் விழாமல் பிடிப்பது எப்படி?

கேள்வி: ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு படிக்கிறேன். பிளாட், ஹரிசாண்டல், வெர்டிகல் மூன்றும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஓவர்ஹெட் மட்டும் வரமாட்டேன் என்கிறது. உருகியது சொட்டுச் சொட்டாகத் தோளில் விழுகிறது. விழாத இடத்தில் பீட் (ஓட்டிய வெல்டின் கோடு) நடுவில் தொங்குகிறது. லீவு நாளில் வேலைக்குப் போகும் பட்டறையில் அண்ணாச்சி "கரண்டைக் குறைல" என்றார். குறைத்தால் குச்சி பிளேட்டில் ஒட்டிக்கொள்கிறது. 3.15 மி.மீ. 6013 வகை வெல்டிங் குச்சி, 10 மி.மீ. பிளேட். எப்படிப் பழகுவது?

பதில்: தம்பி, கரண்டைத் தொடுவதற்கு முன் ஆர்க் நீளத்தை, அதாவது குச்சி நுனிக்கும் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

உருகிய இரும்பு தலைகீழாக நிற்பதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. ஓட்டு விளிம்பில் தொங்கும் மழைத்துளி சிறிதாக இருக்கும்வரை நிற்கும், பெருத்தால் விழும். இங்கேயும் அதே கணக்குதான். உருகிய இரும்பின் குட்டை சின்னதாக இருந்து சட்டென்று உறைந்தால் கீழே வராது. எரிந்துகொண்டிருக்கும் குச்சியின் நுனியில், உள்ளே இருக்கும் கம்பி மேல்பூச்சைவிடச் சற்று முந்தி உருகும். அதனால் பூச்சு விளிம்பு ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி முன்னால் நீட்டி நிற்கும். பாதி எரிந்த குச்சியை அணைத்து நுனியைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அந்தக் கிண்ணத்துக்குள்ளிருந்து வரும் ஆர்க்கின் விசைதான் துளிகளை நேராக மேலே, பிளேட்டுக்குள் தள்ளுகிறது. நுனிக்கும் பிளேட்டுக்கும் இடைவெளி 2, 3 மி.மீ.க்குள், அதாவது குச்சிக் கம்பியின் விட்டத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் இந்தத் தள்ளல் வேலை செய்யும். 5, 6 மி.மீ. ஆகிவிட்டால் துளி நுனியிலேயே பெருக்கும், ஆர்க் அலையும், வோல்டேஜ் ஏறிக் குட்டை அகலமாகப் பரவும். பிறகு அது தோளுக்கு வராமல் எங்கே போகும்?

ஆர்க் தானாக நீளுவதற்கு இரண்டு காரணம் உண்டு. குச்சி எரிந்து குறைந்துகொண்டே இருக்கிறது. பிளாட்டில் கை தன் கனத்தாலேயே கீழே இறங்கி அதை ஈடுகட்டிவிடும். ஓவர்ஹெட்டில் கையைக் கனத்துக்கு எதிராக மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை சோர்ந்தால் ஆர்க் நீண்டுவிடும். இன்னொரு காரணம் பயம். ஒரு பொறி கழுத்தில் விழுந்ததும் உடம்பு அறியாமல் பின்வாங்கும். அந்த இழுப்பில் ஆர்க் நீண்டு, இன்னும் பத்துப் பொறி விழும். அதனால் ஓவர்ஹெட் பழக்கத்தில் உடையையும் தொழில்நுட்பமாகவே எண்ண வேண்டும். சுடாது என்று நம்புகிற உடம்புதான் குச்சியை நெருக்கிப் பிடிக்கும்.

லெதர் ஜாக்கெட் கிடைக்காவிட்டால் லெதர் கைச்சட்டையும் மார்புக் கவசமுமாவது போடுங்கள். உள்ளே முழுக்கை காட்டன் சட்டை, கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருக்கட்டும். பாலியெஸ்டர் கூடவே கூடாது, உருகித் தோலில் ஒட்டிவிடும். சட்டையை பேண்டுக்குள் விடாதீர்கள்; பேண்டை ஷூவுக்குமேல் தொங்கவிடுங்கள், மடித்துவிட்டால் அந்த மடிப்பில் பொறி போய்த் தங்கும். தலைக்குத் துணித் தொப்பி, காதுக்கு அடைப்பு. காதுக்குள் ஒரு சொட்டு போனால் செவிப்பறையே போய்விடலாம் என்பதால் இதில் சலுகை வேண்டாம். கையில் பிடிக்கும் ஷீல்டு இந்த வேலைக்கு உதவாது. இரண்டு கையும் வேண்டும், ஆகவே தலையில் மாட்டும் ஹெல்மெட், 10 அல்லது 11 எண் கண்ணாடி. குச்சி மாட்டும் ஹோல்டரை உள்ளங்கை கீழே பார்க்க, முட்டி மேலே இருக்கப் பிடியுங்கள். உள்ளங்கை மேலே பார்த்தால் விழும் சொட்டு கையுறைக் குழியில் தங்கிச் சுடும்.

வியர்வையையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்குள் கையுறை அரைமணியில் நனைந்துவிடும். குச்சி எரியாத நேரத்தில் வெல்டிங் மெஷினில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். ஈரமான கையுறைக்கும் ஈரமான சட்டைக்கும் அது ஆபத்தான அளவுதான். இரண்டு ஜோடி கையுறை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வெறுங்கையால் குச்சி மாற்றாதீர்கள்.

இனி கரண்ட். அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. பிளாட்டில் ஓட்டும் அளவைவிட ஓவர்ஹெட்டில் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். 3.15 மி.மீ. 6013 குச்சிக்கு 100, 105 ஆம்பியரில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட வரம்பு வேறாக இருந்தால் அதன் நடுப்பகுதியே உங்களுக்குத் தொடக்கம். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஆர்க்குக்குத் தள்ளும் விசை இருக்காது. பயந்து நீட்டினால் அணையும், நெருக்கினால் ஒட்டும். உங்களுக்கு நடப்பது இதுதான். ஒட்டாமல் தப்பினாலும் இரும்பு பிளேட்டோடு கலக்காமல் மேலே உருண்டு உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் பெயர்ந்து வரும். ஆகவே பூச்சு விளிம்பு பிளேட்டை உரசினாலும் ஒட்டாத அளவுக்குக் கரண்ட் வையுங்கள். அந்தக் கரண்டில் குட்டை பெருக்காமல் பார்த்துக்கொள்வது வேகத்தின் வேலை.

வேகத்தை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஓவர்ஹெட்டில் 3.15 குச்சியின் பீட் 7, 8 மி.மீ. அகலத்தில் நின்றால் நல்லது. அந்த அளவில் 100 மி.மீ. நீளம் ஓட்ட ஏறக்குறைய 150 மி.மீ. குச்சி எரியும். பிளேட்டில் 100 மி.மீ.க்குச் சாக்பீஸ் கோடு போட்டு, ஓட்டி முடித்ததும் மிச்சக் குச்சியை அளந்து பாருங்கள். 200 மி.மீ.க்கு மேல் எரிந்திருந்தால் மெதுவாகப் போகிறீர்கள், பீட் தொங்குவதற்கு அதுவே போதும். 120 மி.மீ. கூட எரியவில்லை என்றால் ஓடிவிட்டீர்கள், பீட் கயிறு மாதிரி ஒல்லியாக இருக்கும்.

கை பழக்கத்துக்கு வருவோம். முழுநீளக் குச்சியில் தொடங்க வேண்டாம், 450 மி.மீ. குச்சியின் நுனி ஆடுகிற ஆட்டத்தில் யாருக்கும் ஆர்க் நிற்காது. முதல் பாதியை பிளாட் பயிற்சியில் எரித்துவிட்டு மிச்சப் பாதியை ஓவர்ஹெட்டுக்கு எடுங்கள். ஐ.டி.ஐ.யில் குச்சி எண்ணித்தான் கிடைக்கும், அதற்கும் இது தோது. பிளேட்டை ஸ்டாண்டில் இறுக்கும்போது அது உச்சந்தலைக்கு நேரே வரக்கூடாது. நெற்றிக்கு ஒரு சாண் மேலே, உடம்புக்கு ஒரு முழம் முன்னால் இருக்கட்டும். சொட்டு செங்குத்தாக விழும் கோட்டில் உங்கள் உடம்பு இல்லாமல் இருந்தால் போதும். கேபிளைத் தோளில் போட்டு அதன் கனத்தைத் தோளுக்குக் கொடுங்கள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்குங்கள், முழங்கை எதிலாவது ஊன்றட்டும். மெஷினை அணைத்துவிட்டு, எரியாத குச்சியால் கோடு முழுவதும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நடுவில் கை முட்டினால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். பற்றவைத்த பிறகு மாற்ற முடியாது.

குச்சி பிளேட்டுக்கு ஏறக்குறைய நேராக, போகும் திசைப் பக்கம் ஹோல்டர் 10, 15 டிகிரி சாய்ந்திருக்கட்டும். அதற்குமேல் சாய்த்தால் ஆர்க் விசை குட்டையைப் பின்னால் தள்ளிக் குவித்துவிடும். பக்கவாட்டில் வீசி ஓட்டாதீர்கள். நேர்கோட்டில் ஒல்லியான ரன்கள் (ஒரு தடவையில் ஓட்டும் பீட்), ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி. ஒவ்வொரு ரன்னுக்கும் சிலாக்கை (பீட்டின்மேல் படியும் கசடு) தட்டிக் கம்பி பிரஷ் போட்டுத்தான் அடுத்தது. நாலைந்து ரன்னில் பிளேட் சூடேறிவிட்டால் குட்டை உறையவே மாட்டேன் என்னும். அப்போது கரண்டைத் திருகாமல் பிளேட்டை ஆறவிட்டு இன்னொரு பிளேட்டை மாட்டுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், உங்களை நோக்கி, உங்களை விட்டு விலகி என்று நான்கு திசையிலும் பழகுங்கள். தகர ஷெட் டிரஸ்ஸில் பர்லினுக்கு (கூரைத் தகரம் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடியில் ஒட்டும்போது வசதியான திசை கிடைக்காது.

ஓட்டி முடித்த பீட் பேசும். நடுவில் தொங்கி இரண்டு ஓரமும் உள்ளே வெட்டியிருந்தால் ஆர்க் நீளம், அல்லது கரண்ட் அதிகம். உயரமாக உருண்டு ஓரம் பிளேட்டோடு சேராமல் நின்றால் கரண்ட் குறைவு. அழகாக இருந்தும் பிரஷ் போட்டதும் ஊசித்துளைகள் தெரிந்தால் ஈரம், துரு, பெயின்ட், அல்லது காற்று. மேற்கே சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் திறந்து போட்ட பாக்கெட் ஈரம் வாங்கிவிடும். 6013 குச்சியை 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் சரியாகும். 7018 என்ற வேறு வகைக் குச்சிக்கு அது போதாது, 300 டிகிரிக்குப் பக்கம் வேண்டும். பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றில் வெளியே வேலை என்றால் தகரத் தடுப்பு இல்லாமல் பற்றவைக்கவே கூடாது. ஆர்க்கைச் சுற்றிய புகைப்படலத்தை அந்தக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். நேற்று சரியாக ஓடிய கரண்ட் இன்று ஒட்டுகிறதா? வயல் மோட்டார்கள் ஓடும் நேரமாக இருக்கலாம். லைன் வோல்டேஜ் இறங்கினால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் கொடுக்கும் கரண்டும் இறங்கும். எர்த் கிளாம்ப் துருவின்மேல் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

பீட் நேராக வந்ததும் 'டி' ஜாயிண்ட், அதாவது 4 எஃப் (4 என்றால் ஓவர்ஹெட், எஃப் என்றால் ஃபில்லட், மூலை வெல்ட்). மேலே படுக்கையாக ஒரு தகடு, அதிலிருந்து கீழே தொங்கும் இன்னொன்று. இரும்பு தொங்கும் தகட்டுப் பக்கம் வழியப் பார்க்கும், ஓர வெட்டு விழுவது மேல் தகட்டில். அதனால் குச்சியைச் சரிபாதியாகப் பிடிக்காமல், தொங்கும் தகட்டிலிருந்து 30, 35 டிகிரி வைத்து ஆர்க்கை மேல் தகட்டுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். முதல் ரன் மூலையில். இரண்டாவது தொங்கும் தகட்டின் பக்கம். அது படியாக நின்று தாங்கும், மூன்றாவதை அதன்மேல் ஏற்றி மேல் தகட்டோடு சேர்க்கலாம். 6013 ஓட்டும்போது சிலாக் முந்திக்கொண்டு குட்டைக்கு முன்னால் வந்தால் சற்று வேகமாகப் போங்கள், ஆர்க்கை இன்னும் நெருக்குங்கள்.

பார்வைக்கு அழகான ஃபில்லட்டை நம்பிவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய துண்டை வைஸில் பிடித்து, ஒட்டாத பக்கத்திலிருந்து வெல்டை நோக்கிச் சாயும்படி அடித்து உடையுங்கள். உடைந்த முகத்தில் மூலை வரை இரும்பு கலந்திருக்க வேண்டும். மூலையில் தகட்டின் பழைய விளிம்பு அறுத்தபடியே நேர்கோடாகத் தெரிந்தால் ஆர்க் அங்கே போகவே இல்லை. கறுப்பாக நீளக்கோடு இருந்தால் அது அடைபட்ட சிலாக்.

7018 குச்சிக்கு மாறும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: ஆர்க்கை முன்னும் பின்னும் சுண்டி ஓட்டும் பழக்கம் அதற்கு ஆகாது, துளை விழும். டி.சி.யில் ஹோல்டர் பாசிட்டிவ் பக்கம், ஆர்க் கடைசிவரை நெருக்கமாக. சின்ன ஏ.சி. மெஷினில் அது நிற்கவில்லை என்றால் குறை உங்கள் கையில் இல்லை.

இரண்டு தகட்டு விளிம்பையும் சரித்துச் சேர்க்கும் 'வி' ஜாயிண்டை, அதாவது 4 ஜி.யை, ஃபில்லட் உடைத்துப் பார்த்து இரண்டு மூன்று துண்டு தொடர்ந்து சுத்தமாக வந்த பிறகு எடுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் 30 டிகிரி சரிவு, மூக்கு (சரிக்காமல் விடும் விளிம்பு) 1.5 மி.மீ., இடைவெளி 2.5 முதல் 3 மி.மீ. முதல் ரன்னுக்கு 2.5 மி.மீ. குச்சி, 70 முதல் 80 ஆம்பியர். இங்கே வரும் கோளாறு புதிது: இரும்பு கீழே இறங்குவதால் பிளேட்டின் மேல்முகத்தில், வேர்ப்பக்கம், பள்ளம் விழும். கீழேயிருந்து பார்க்கும் உங்களுக்கு அது தெரியாது, திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். குச்சி நுனியை இடைவெளிக்குள் ஏற்றி, ஆர்க்கின் ஒரு பகுதி மறுபக்கம் எரியும்படி பிடியுங்கள். நுனிக்கு முன்னால் சாவித்துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை எப்போதும் நிற்க வேண்டும். அது மூடினால் உருக்கம் மறுபக்கம் போகவில்லை. பெருத்தால் வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது 5 ஆம்பியர் குறையுங்கள். குச்சி மாற்றும் இடத்தில் பள்ளத்தைச் சிப்பிங் சுத்தியலால் சுத்தம் செய்து, 10 மி.மீ. பின்னால், ஏற்கெனவே ஓட்டிய பீட்டின்மேல் பற்றவைத்து முன்னேறுங்கள்.