அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியை (கவுன்டி என்றால் மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) ஆள்வது யார்? மேயரா?

மேயர் இல்லை. அவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு மட்டும். கவுன்டிக்குள் அதையும் சேர்த்து 88 நகரங்கள், போதாததற்கு எந்த நகரத்திலும் சேராத ஊர்களும் உண்டு. நான் இருக்கும் ஹசியெண்டா ஹைட்ஸ் அப்படிப்பட்ட ஊர். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரரிடம் "இங்கே மேயர் யார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு சூப்பர்வைசரின் பெயரைச் சொன்னார். எனக்கு ஃபேக்டரி சூப்பர்வைசர்தான் ஞாபகத்துக்கு வந்தார்!

கவுன்டியை ஆள்வது ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட வாரியம். மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடி. ஆக, ஒருவருக்குச் சுமார் இருபது லட்சம் பேர். தொகுதிக்கு ஒருவர், நான்கு ஆண்டுப் பதவி, தொடர்ந்து மூன்று முறைதான் இருக்கலாம். ஐந்து இடங்களுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் வராது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, ஆனால் யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும்.

விசேஷம் என்னவென்றால், சட்டம் போடுவதும் இவர்கள், நிர்வாகத்துக்குப் பொறுப்பும் இவர்களே. வாரியத் தலைவர் பதவி ஆண்டுதோறும் கைமாறும். கூட்டத்தை நடத்துவதைத் தாண்டி அதற்குப் பெரிய அதிகாரம் கிடையாது. அன்றாட வேலையைப் பார்க்கும் தலைமை நிர்வாக அதிகாரி வாரியம் நியமிப்பவர். பெரும்பாலான விஷயங்களில் மூன்று ஓட்டு கிடைத்தால் முடிந்தது. "ஐந்து குட்டி ராஜாக்கள்" என்று இவர்களுக்குப் பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

கவுன்டி காவல்துறையின் தலைவரான ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் மூவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரிஃப் துறையின் பட்ஜெட் வாரியத்தின் கையில், ஆனால் ஷெரிஃபை நீக்கும் அதிகாரம் வெகுகாலம் வாரியத்துக்கு இல்லை. தக்க காரணம் இருந்து நான்கு ஓட்டும் கிடைத்தால் நீக்கலாம் என்று 2022இல்தான் மக்கள் வாக்களித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போயிருந்தேன். நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்களைப் பேச விட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சரி, பேசலாம் என்று போனால், கிடைத்தது ஒரே நிமிடம். பாதி நேரம் என் பெயரைச் சொல்லிப் புரியவைப்பதிலேயே போய்விட்டது.

இந்த அமைப்பும் மாறப்போகிறது. 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 'மெஷர் ஜி' என்ற திட்டம் கொஞ்சம் வித்தியாசத்தில்தான் தேறியது. அதன்படி தலைமை நிர்வாகியை 2028இல் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு ஐந்து பேர் ஒன்பது பேராவார்கள். நான் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டேன். இருபது லட்சம் பேருக்கு ஒரு ஆள் என்றால் எங்கள் தெருவிளக்கு அவர் கண்ணில் எப்போது படும்?