கிளிக்கு எந்தக் கூண்டு நல்லது? கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கம்பிக் கதவு, ஜன்னல் கிரில் செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. கிளிக்கூண்டும் செய்கிறேன், வெளியில் வாங்கிய கூண்டுகளைப் பழுதுபார்த்தும் தருகிறேன். வீட்டிலும் கிளிகள் உண்டு. பறவை வளர்க்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: நாம் கூண்டைக் கண்ணால் பார்த்து வாங்குகிறோம், கிளி அதை அலகாலும் நாக்காலும் பார்க்கிறது. என் பதில்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

அண்ணா, ரிங்நெக் கிளி வாங்கப் போகிறோம். கடையில் கோபுரம் மாதிரி கூரை வைத்த வட்டக் கூண்டு இருக்கிறது. மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வாங்கலாமா? (ஜெலுத்தோங்)

வேண்டாம் தங்கச்சி. அந்தக் கூரையின் உச்சியைப் பாருங்கள். கீழே சரியான இடைவெளியில் இருக்கும் கம்பிகள் மேலே போகப் போக நெருங்கி, ஓர் இடத்தில் ஒன்றாகச் சேரும். கிளி உச்சிக்கு ஏறும் பறவை. விரலோ அலகோ அந்தக் குறுகலில் மாட்டினால் அது பயந்து இழுக்கும். இழுக்க இழுக்க இறுகும். காலில் அடிபட்ட பறவை இருந்த கூண்டுகள் என் பட்டறைக்கு வந்தபோது, நான் முதலில் பார்த்தது இந்த இடத்தைத்தான்.

செவ்வகக் கூண்டே நல்லது. உயரத்தைவிட நீளம் முக்கியம், ஏனென்றால் கிளி பக்கவாட்டில்தான் பறக்கும். ரிங்நெக் வாலோடு சேர்த்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் இருக்கும். அது கிளைக்கம்பில் உட்கார்ந்து திரும்பும்போது வால் கம்பியில் உரசக் கூடாது, இரண்டு இறக்கையையும் முழுசாக விரிக்க வேண்டும். 36 அங்குல நீளம், 24 அங்குல அகலம் கிடைத்தால் தாராளமாக இருக்கும். இரண்டு பக்கமாவது கம்பிகள் படுக்கையாக ஓடட்டும், அதைப் பிடித்துத்தான் கிளி ஏறும். மகளுக்குக் கிளியின் நீளத்தை ஓர் அளவுநாடாவில் காட்டுங்கள், அவளே புரிந்துகொள்வாள்.

கம்பி இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (கெப்போங்)

தலை நுழைந்தால் அகலம் அதிகம். பட்ஜி, லவ் பேர்ட் போன்ற சின்னக் கிளி இனங்களுக்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. காக்டெயிலுக்கு அரை அங்குலத்திலிருந்து எட்டில் ஐந்து பங்கு அங்குலம் வரை. அதாவது 13 முதல் 16 மில்லிமீட்டர். சன் கன்யூருக்கு 16 முதல் 19. ரிங்நெக், ஆப்பிரிக்கன் கிரே என்றால் முக்கால் அங்குலம், கிரேக்கு ஓர் அங்குலம் வரை போகலாம். மக்காவுக்கு ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை. பெரிய கிளிக்கு இடைவெளி மட்டும் போதாது, கம்பியும் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பியை மக்காவ் வளைத்து, இடைவெளியைத் தானே பெரிதாக்கிவிடும்.

"பெரிய கூண்டு, பின்னால் பெரிய பறவை வாங்கினாலும் உதவும்" என்று சொல்லி மக்காவ் கூண்டில் பட்ஜியை விடாதீர்கள். ஒன்று வெளியே நழுவிப் போகும், இல்லையென்றால் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

வீட்டுப் பின்னால் இடம் இருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் சுருளாக விற்கும் வலைக்கம்பி வாங்கி நானே கூண்டு அடிக்கலாமா? செலவு குறையுமே. (செந்தூல்)

ஐயா, அந்த வலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி கம்பியைக் கடக்கும் இடங்களில் சின்னச் சின்னச் சொட்டுகள் உறைந்து நிற்கும், சில இடத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது துத்தநாகம். துரு பிடிக்காமல் இருக்க, உருகிய துத்தநாகத்தில் கம்பியை முக்கி எடுப்பார்கள். வடிந்தது அப்படியே உறைந்துவிடும். மழையில் நனைந்தால் அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கும், அதுவும் துத்தநாகம்தான். கிளி நாள் முழுவதும் கம்பியைக் கடித்து ஏறும் பறவை. ஒரு சொட்டு பெயர்ந்து வயிற்றுக்குள் போனால், அரைப்பையில் கிடந்து மெல்ல மெல்லக் கரையும்.

நஞ்சு ஏறிய பறவை சோர்ந்து உட்காரும், தின்றதைக் கக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராகவோ கடும்பச்சையாகவோ போகும். முற்றினால் வலிப்பு வரும். இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். எக்ஸ்ரேயில் உலோகத் துண்டு தெரியும், உலோகத்தை இரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்தும் உண்டு.

வினிகர் தொட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். வெள்ளைப் பொடியும் தளர்ந்த சொட்டும் குறையும், பூச்சு அப்படியேதான் இருக்கும். கிளிக்கு அந்த வலை வேண்டாம். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அளவைக் குறையுங்கள், கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எவர்சில்வர் என்று சொல்லித்தான் கூண்டு வாங்கினேன். மூன்று மாதத்தில் பழுப்பு படிந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? (தஞ்சோங் தோக்கோங்)

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எவர்சில்வரில் தரங்கள் உண்டு. 201 மலிவு, நிக்கல் குறைவு, சீக்கிரம் பழுப்பேறும். 304 வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். 316இல் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்புக் காற்றைத் தாங்கும், விலையும் கூடும். உங்கள் வீடு கடலோரம். அங்கே திறந்த பால்கனியில் வைத்தால் 304கூடப் பழுப்பேறும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தங்காது.

பழுப்பு வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் தரம் சரி, வேலைதான் சரியில்லை. வெல்டிங் சூட்டில் கறுத்த இடத்தை அமிலப் பசை தடவிச் சுத்தம் செய்து கழுவ வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பியிருப்பார்கள். நல்ல பட்டறையில் இன்னமும் சரிசெய்து தருவார்கள்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். காந்தம் பலமாக ஒட்டினால் இரும்பு என்று சந்தேகப்படலாம். ஆனால் 201இலும் ஒட்டாது, 304இலும் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கும். அதனால் காந்தத்தை மட்டும் நம்பாமல், பில்லில் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

பவுடர் கோட்டிங் செய்த கூண்டு பரவாயில்லையா? (செத்தாப்பாக்)

பட்ஜி, காக்டெயில், கன்யூருக்குப் பரவாயில்லை, பூச்சு நன்றாக இருந்தால். நகத்தால் கீறுங்கள், வெல்டிங் ஓரங்களைப் பாருங்கள். எங்கேயாவது செதில் எழும்பியிருந்தால் வேண்டாம். அப்புறம் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, கம்பி சேரும் இடங்களில் எல்லாம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பஞ்சின் நார் எங்கே சிக்குகிறதோ, அங்கேதான் நாளை நகமும் இறகும் சிக்கும். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அலகு பலமான கிரே, மக்காவ் என்றால் பூச்சை உரித்துவிடும், அவற்றுக்கு எவர்சில்வர்தான்.

தாத்தா காலத்துப் பித்தளைக் கூண்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. மெருகேற்றிக் கிளி விடலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். பழைய பற்றவைப்பில் ஈயமும் இருக்கலாம். அதில் மணிபிளாண்ட் வையுங்கள், வீட்டில் நினைவாக இருக்கட்டும்.

பிளாட் வீடு, இடம் இல்லை. கூண்டை அடுப்படிப் பக்கம் வைத்திருக்கிறோம். எங்கே மாற்றலாம்? (செராஸ்)

இன்றைக்கே மாற்றுங்கள் அக்கா. நான்ஸ்டிக் சட்டி வெறுமனே அடுப்பில் காய்ந்தால் அந்தப் பூச்சிலிருந்து வரும் ஆவி நமக்குத் தெரியாது, கிளியை நிமிடக்கணக்கில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் சேர்ந்திருப்பதால், காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக உள்ளே இழுக்கும். அதே காரணத்தால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் கிளிக்கு ஆகாது. பூஜையை விடச் சொல்லவில்லை. சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காட்டுங்கள், புகை போனபிறகு திறங்கள். புகைமூட்டக் காலத்தில் பால்கனிக் கிளிகளை உள்ளே கொண்டு வந்து ஜன்னலை மூடிவிடுங்கள்.

வரவேற்பறையில் ஒரு பக்கமாவது சுவர் ஒட்டிய மூலை நல்லது. நாலு பக்கமும் திறந்திருந்தால் கிளிக்குப் பயம் விடாது. மேற்குப் பார்த்த பால்கனியில் மாலை வெயில் நேராக அடிக்கும், அங்கே பாதிக் கூண்டாவது நிழலில் இருக்க வேண்டும். இரவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி முன்னால் வைத்தால் அது கிடைக்காது.

தாமான் வீடு, பின்னால் மலைக்காடு. ராத்திரி வெளியே விட்டு வைக்கலாமா? (ஆயர் ஈத்தாம்)

கூடாது. பாம்பு, எலி, மூசாங் (மரநாய்) மூன்றுமே அங்கே வரும், பகலில் குரங்கும் வரும். கூண்டு எவ்வளவு பலமானாலும் குரங்கின் கை கம்பிக்குள் நுழையும். இரவில் கட்டாயம் உள்ளே. சக்கரம் வைத்த நிற்கும் கூண்டு வாங்கினால் தினமும் தூக்க வேண்டியதில்லை. சக்கரத்துக்குப் பிரேக் இருக்கிறதா பாருங்கள்.

பழைய கூண்டு மலிவாகக் கிடைக்கிறது. (புக்கிட் மெர்தாஜாம்)

முதலில் முன்பு இருந்த பறவை என்ன ஆனது என்று கேளுங்கள். நோயில் செத்தது என்றால் விட்டுவிடுங்கள், இறகு உதிர்க்கும் வைரஸ் கூண்டில் நெடுநாள் உயிரோடு இருக்கும். மற்றபடி, மரக்கம்பு, கயிறு, பொம்மை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்து அழுக்கு முழுதும் போனபிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசி வெயிலில் காயவையுங்கள். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் பலன் இல்லை. எவர்சில்வரில் அதை நெடுநேரம் விடவும் வேண்டாம், அரிக்கும்.

கூண்டோடு கொடுத்த வழவழ உருட்டுக் கம்பிலேயே கிளி உட்காருகிறது. போதுமா? தட்டில் என்ன போடுவது? (பாயான் லெப்பாஸ்)

ஒரே தடிமனில் நாளெல்லாம் நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். கொய்யாக் கிளை கொண்டு வாருங்கள், மருந்து அடிக்காத மரத்திலிருந்து. தடியும் மெலிவுமாக இரண்டு மூன்று. தோலை உரிக்க வேண்டாம், உரிப்பது கிளியின் வேலை, அதற்கு அது மகிழ்ச்சி. அரளிக் கிளை மட்டும் வேண்டவே வேண்டாம், நஞ்சு. உப்புத்தாள் சுற்றிய கம்பும் வேண்டாம். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு நேர் மேலே கம்பு வைக்காதீர்கள்.

தட்டில் பழைய நாளிதழ் போதும், தினமும் மாற்றுங்கள். மரத்தூள், சோளக்கதிர்த் துகள் எல்லாம் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கொண்டோவில் கிளி வளர்க்கலாமா? அனுமதி வேண்டுமா? (செகாம்புட்)

இரண்டு விஷயம். அடுக்குமாடி நிர்வாக விதிகள் 2015இன்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ இருக்கும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. சன் கன்யூர் கத்துவது மூன்று மாடிக்குக் கேட்கும், வாங்கும் முன் யோசியுங்கள். இன்னொன்று, கிளி எந்த இனம் என்பது. 2010ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பல இனங்களுக்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே 2017 முதல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான உலக வணிக ஒப்பந்தத்தின் (CITES) மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. காகிதம் இல்லாத கிரேயையும், காட்டில் பிடித்த நம் ஊர்க் கிளியையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூண்டு வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தானில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் கிரே கூண்டுக் கதவைத் தானே திறந்துவிடுகிறது. என்ன செய்வது? (பட்டர்வொர்த்)

மேலே தூக்கித் திறக்கும் கதவா? அப்படித்தான் இருக்கும். கிரே அலகால் தூக்கிப் பிடித்துத் தலையை நுழைக்கும். நழுவினால் கதவு கழுத்தில் விழும். சின்னக் கிண்ணக் கதவுகளும் அதே மாதிரிதான், எல்லாவற்றையும் பாருங்கள். பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கு மாற்றித் தருகிறேன், கூண்டைக் கொண்டு வாருங்கள்.

அதுவரைக்கும், திருகி மூடும் எவர்சில்வர் இணைப்பு வளையம் போடுங்கள். சாவி வளையமும் நாய்ச்சங்கிலிக் கொக்கியும் வேண்டாம், அலகு அவற்றில் மாட்டும். திருகையும் கழற்றக் கற்றுக்கொண்டால் சின்னப் பூட்டு போடலாம், பித்தளை அல்லாததாகப் பார்த்து. சாவியைக் கிளிக்கு எட்டாத ஆணியில், ஆனால் கூண்டுக்குப் பக்கத்திலேயே மாட்டி, வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லோரிடமும் காட்டி வையுங்கள். தீ, புகை என்று வந்தால் ஓடும் அவசரத்தில் யாராவது ஒருவர் திறக்க வேண்டும்.