மதிப்பு முதலீட்டில் பங்குகளை எப்போது மாற்றி அமைப்பது? – கேள்வி பதில்

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியர்): சார், பி.இ. (பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்து வரும் எண்) குறைவான பங்குகளாகப் பார்த்து வாங்கி, மாதாமாதம் பட்டியலை மாற்றி அமைக்கிறேன். சரிதானா?

பதில்: மாதாமாதம் தேவையில்லை சார். மதிப்பு முதலீடு என்றால் உண்மையான மதிப்பைவிட மலிவாக வாங்குவது. மலிவு என்று முடிவு செய்ய லாபம், கடன், புத்தக மதிப்பு (சொத்தில் கடனைக் கழித்த மிச்சம்) எல்லாம் வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி காலாண்டு முடிவுகளை 45 நாளுக்குள்ளும், ஆண்டு முடிவுகளை 60 நாளுக்குள்ளும் கம்பெனிகள் வெளியிட வேண்டும். மார்ச் கணக்கு மே 30க்குள் வந்துவிடும். அதனால் நான் ஜூன் முதல் பாதியில் பட்டியலை மாற்ற உட்காருவேன். ஏப்ரல் கடைசியில் பார்த்தால் சில கம்பெனிகளுக்குப் புது எண், மற்றவற்றுக்குப் பழைய எண், ஒப்பிடுவதே தப்பாகிவிடும். அப்புறம் மாதம் முழுக்க மாறுவது விலை மட்டும்தான். அதைத் துரத்தினால் லாபம் புரோக்கருக்கு.

கேள்வி: அண்ணா, 3.5 லட்சத்துக்கு வாங்கியது 5.5 லட்சம் ஆகிவிட்டது. பத்து மாதம்தான் ஆகிறது. விற்கலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20% வரி, அதாவது 40,000. ஒரு வருடம் தாண்டினால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, மீதிக்கு 12.5%. வேறு லாபம் இல்லையென்றால் 9,375 மட்டும் (செஸ் என்ற கூடுதல் வரி தனி). வித்தியாசம் 30,625, இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 5.6%. இரண்டு மாதத்தில் அதற்கு மேல் இறங்கும் என்று தோன்றும் அளவுக்கு விலை எகிறியிருந்தால் இப்போதே விற்றுவிடுங்கள். இல்லையென்றால் பொறுங்கள். மதிப்பு முதலீட்டின் முன்னோடி பெஞ்சமின் கிரஹாம் 50% லாபம் வந்தாலே வெளியேறச் சொன்னவர். அவர் நம் வரிச் சட்டத்தைப் பார்த்ததில்லை.

கேள்வி: 40% இறங்கிய பங்கு ஒன்று இருக்கிறது. இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்யட்டுமா (சராசரி வாங்கிய விலையைக் குறைக்கட்டுமா)?

பதில்: வாங்கிய காரணத்தை எழுதி வைத்திருந்தால் எடுத்துப் படியுங்கள். விலை மட்டும் இறங்கியிருந்தால் யோசிக்கலாம். லாபமும் இறங்கி, கடனும் ஏறியிருந்தால் பி.இ. குறைவாகத் தெரிவது வெறும் மாயை. விற்பதானால் ஒரு வருடத்துக்குள் விற்பது நல்லது: குறுகிய கால நஷ்டத்தை இரு வகை லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும்தான். மிச்சத்தை 8 வருடம் கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால்.

கேள்வி: ஒரே பங்கு மொத்தத்தில் கால்வாசி ஆகிவிட்டது. குறைக்க வேண்டுமா?

பதில்: மதிப்புக்குக் கீழே விற்கிறது என்றால் எனக்கு அவசரமில்லை; புதுப் பணத்தையும் டிவிடெண்டையும் மற்ற பங்குகளில் போடுவேன். ஆனால் தூக்கம் போகிறதென்றால் மார்ச் கடைசியில் கொஞ்சம், ஏப்ரல் தொடக்கத்தில் கொஞ்சம் என்று விற்றுக் குறையுங்கள். இரண்டு நிதியாண்டின் விலக்கும் சேர்ந்து 2.5 லட்சம் நீண்ட கால லாபத்துக்கு வரி இருக்காது.

கேள்வி: 2020 மார்ச் மாதிரி சரிவு வந்தாலும் ஜூன் வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: கூடாது. அந்த ஜனவரியில் 12,300க்கு மேல் இருந்த நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடு) மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. பங்கு 70%, வங்கி வைப்பு 30% என்று வைத்திருந்தவருக்கு விகிதம் ஏறக்குறைய 59-41 ஆகியிருக்கும். விகிதம் ஐந்து புள்ளி விலகினால் எந்த மாதமானாலும் சரிசெய்யுங்கள். ஜூன் விதி எந்தப் பங்கு என்பதற்கு மட்டும்தான்.

கேள்வி: வேல்யூ ஃபண்ட் (மலிவான பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட்) வைத்திருப்பவர்களுக்கு?

பதில்: உள்ளே மேனேஜர் வாங்கி விற்பதற்கு உங்களுக்கு வரி கிடையாது. பங்குக்கும் வைப்புக்கும் உள்ள விகிதத்தை மட்டும் கவனித்தால் போதும்.