கழிவு இறங்குதுங்களா, ரத்தமா?

கேள்வி: டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டறாருங்க, பெரும்பாலும் நைட் ஷிப்ட். சாப்பிட்டா வயிறு உப்பிக்குது, நெஞ்செரிச்சல் வேற. 'கல்லீரல் சுத்தம், செரிமானம்'னு போட்ட ஹோமியோபதி சொட்டு மருந்தை மூணு வேளையும் குடிக்கறாரு. லேபிள்ல செலிடோனியம், கார்டுவஸ், நக்ஸ் வோமிகான்னு இருக்கு, பக்கத்துல 'க்யூ'ன்னு எழுத்து. இப்ப மலம் தார் மாதிரி கருப்பாப் போகுது. கழிவெல்லாம் இறங்குதுன்னு சந்தோசப்படறாரு. கால்வலிக்கு மெடிக்கல்ல வாங்கின மாத்திரையும் தினம் உண்டு. தொடரலாமுங்களா?
- வாசகி, பள்ளிபாளையம்

பதில்: அம்மிணி, உங்க கடிதம் வந்த அன்னைக்கே ஆசிரியர்கிட்ட நம்பர் வாங்கிக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். இது, அதே சந்தோசத்துல இருக்கற மத்தவங்களுக்கு.

தார் மாதிரி பிசுபிசுன்னு, கெட்ட வாடையோட கருப்பாப் போனா அது கழிவு இல்லீங்க. இரைப்பையிலயோ முன்சிறுகுடல்லயோ ரத்தம் கசிஞ்சு, செரிச்சு வர்ற நிறம். தினம் வலி மாத்திரை போடறவங்களுக்குக் குடல்புண் வர்றது சகஜம். இரும்புச்சத்து மாத்திரையும் கருப்பாக்கும்; ஆனா அதை வீட்ல உட்கார்ந்து நீங்களே முடிவு பண்ண வேண்டாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்க. தலைசுத்தல், படபடப்பு இருந்தா ராத்திரியானாலும் காவேரிப் பாலத்தைத் தாண்டி ஈரோடு அரசு தலைமை மருத்துவமனைக்குக் கிளம்பிருங்க.

சரி, சொட்டு மருந்து. ஹோமியோபதிங்கறது ஹானிமன்னு ஒரு டாக்டர் 1796ல ஜெர்மனியில ஆரம்பிச்ச முறை. லேபிள்ல '30சி'ன்னு இருந்தா, நூத்துல ஒரு பங்குன்னு 30 தடவை கரைச்சதுன்னு அர்த்தம். 12 தடவை தாண்டினாலே மூலப்பொருள் ஒரு துளிகூட மிஞ்ச வாய்ப்பில்லை. அதனால தீங்கும் இல்லை, பலனும் இல்லை. ஆனா 'க்யூ' அப்படி இல்லீங்க. அது கரைக்காத தாய்த் திராவகம், செடிச்சாறும் சாராயமும். கல்லீரலுக்குன்னு சாராயத்தைக் குடிக்கறதை என்னன்னு சொல்ல! செலிடோனியம் செடியே சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டாக்கினதை ஜெர்மன் மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. நக்ஸ் வோமிகா நம்ம எட்டிக்கொட்டைதான், விஷக்கொட்டை.

கல்லீரல்ல அழுக்கு தேங்கிக் கிடக்கறதில்லை. அம்மோனியாவை யூரியாவா மாத்திச் சிறுநீரகத்துக்கு அனுப்பறது அதோட அன்றாட வேலை. பயம் இருந்தா, கல்லீரல் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற எல்.எஃப்.டி ரத்தப் பரிசோதனையும் வயிறு ஸ்கேனும் எடுத்துப் பாருங்க.

உப்பசத்துக்கு, நடுராத்திரி புரோட்டா-சால்னாவை விட்டுட்டு ஷிப்டுக்கு முன்னாடியே அரிசியும்பருப்பு சாதம் சாப்பிடச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அந்தப் பாட்டிலையும் வலி மாத்திரை அட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.