பொழுதுபோக்காகக் கரப்பந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ வந்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் படிப்பு, பிறகு பள்ளியில் கணித ஆசிரியர். சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பித்தார். கோயில் மண்டபத்தில் குறள், சிலப்பதிகாரம் பற்றிப் பேசுவார். பொழுதுபோக்காகக் கரப்பந்தும் பழக்கினார். போன வருடம் காலமானார். நூற்றுக்கும் மேற்பட்ட கசெட்டுகளில் அவர் பேச்சு இருக்கிறது. புத்தகமாகப் போடலாமா? ஊரிலேயே இருந்திருந்தால் பெரிய அறிஞராகியிருப்பாரோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

க.

அன்புள்ள க.,

முதலில் கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றுங்கள், நாடாவில் பூஞ்சை பிடித்துவிடும். புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். ஊரிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது ஒரு வரியில்தான். 'பொழுதுபோக்காகக் கரப்பந்தும்.' அந்த 'உம்' இருக்கிறதே! படித்த பிள்ளை நீங்கள், சொந்த அப்பாவின் பாதி உழைப்பை ஓர் உம்மையில் தள்ளிவிட்டுப் போகலாமா?

கொஞ்ச நாளாக ஹாரி குரோ பக் என்பவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கர். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கியவர். நந்தனத்தில் கல்லூரியாக இன்றும் இருக்கிறது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். 1943இல் சென்னையிலேயே இறந்தார். இலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்கும் திருவாசகத்தை மொழிபெயர்த்த போப்புக்கும் மெரினாவில் சிலை வைத்தோம். வைக்க வேண்டியதுதான். அதே கடலைத் தாண்டி வந்து நம் பிள்ளைகளை ஓடவிட்ட ஆளை எத்தனை பேருக்குத் தெரியும்? ஏட்டைத் தொட்டவன் அறிஞன், பந்தைத் தொட்டவன் பொழுதுபோக்கு.

எங்கள் பி.டி. சார் நந்தனத்தில் படித்தவர். அவருடைய பீரியடை மழை பெய்தால் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார், பெய்யாவிட்டாலும் பிடுங்கிக்கொள்வார். நான் அப்போது குண்டுப் பையன், திக்குவாய் வேறு. ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். சார் என்னை வாலிபால் (அதுதான் உங்கள் கரப்பந்து) வலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டு, ஸ்கோரைக் கத்திச் சொல்லச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை சர்வீஸ் போடக்கூடாது. 'ப... ப... பதினொன்று' வந்து சேரும்வரை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் நிற்பார்கள். முதல் வாரம் சிரித்தவனை வெளியே உட்கார வைத்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. இன்று மேடையில் பேசி நாலு காசு பார்க்கிறேன். சார் பேசியது எந்தக் கசெட்டிலும் இல்லை.

உங்கள் அப்பாவிடம் வந்தவர்களும் அப்படித்தானே இருந்திருப்பார்கள்? பனியில் வந்து இறங்கிய பையன்கள், வகுப்பில் ஆங்கிலத்துக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள். குறளைப் பற்றிப் பேச ஊருக்குப் பத்துப் பேர் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையன்களுக்கு இவர் ஒருவர்தான் இருந்தார்.

அவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயதாகியிருக்கும். பாதிப் பேர் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலேயே இருப்பார்கள். தேடிப் போய்ப் பேசுங்கள். எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். சாவுக்கு வந்து, யாரென்று சொல்லாமல் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனவர்களில் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள் யார் யார் என்று அம்மாவிடம் கேளுங்கள்.