கேளுங்கள் அண்ணாச்சி: பேஜ்மேக்கரில் மாட்டிய கொடை நோட்டீஸ்

கேள்வி: எங்கள் அச்சகத்தின் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளில் செய்தவை. பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. புது லேப்டாப்பில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. அதே வேலைக்கான இன்டிசைன் மென்பொருளைச் சந்தா கட்டி வாங்கினால் திறக்குமா?
- அச்சக உரிமையாளர், அம்பாசமுத்திரம்

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள் அண்ணாச்சி. இன்டிசைனில் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் வசதி 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு போய்விட்டது. இப்போதைய சந்தா பதிப்பில் கிடையாது.

பேஜ்மேக்கர், இன்டிசைன் இரண்டுமே அடோபி கம்பெனியின் சரக்குதான். அதே அடோபி 1993-இல் கொண்டுவந்த பிடிஎஃப் மட்டும் எந்த போனிலும் திறக்கிறதே, எப்படி? அதன் உள்ளமைப்பு இன்னதென்று அன்றே அச்சிட்டு வெளியிட்டார்கள். 2008-இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரமும் ஆகிவிட்டது. பிடிஎஃப் படிக்கும் மென்பொருளை யாரும் எழுதலாம், அனுமதி கேட்க வேண்டாம். பேஜ்மேக்கருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2001-இல் வந்த 7.0-தான் கடைசிப் பதிப்பு.

சரி, வழிக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் மென்பொருள் தொகுப்பில் படம் வரைய டிரா என்று ஒன்று உண்டு. பேஜ்மேக்கர் ஃபைலைத் தன்னார்வலர்கள் துருவிப் பார்த்து எழுதிய திறப்பான் 2015 முதல் அதில் இருக்கிறது. பார்டர், கட்டம் எல்லாம் கொஞ்சம் கலையலாம். எழுத்து இங்கிலீஷ் கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எங்கும் ஒரே எண் என்பதுதான் யூனிகோடு. அதற்கு முந்தைய ஃபான்ட்களில் ஆளாளுக்கு இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் இஷ்டம்போலத் தமிழைச் செருகிவைத்தார்கள். ஒன்றில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அதிலுள்ள பழைய தமிழ் ஃபான்ட்டைப் புது லேப்டாப்பில் போட்டால் சுடலைமாடசாமி மறுபடி காட்சி தருவார். அப்புறம் அந்த ஃபான்ட்டுக்கு ஏற்ற எழுத்து மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையை யார் கேட்கப் போகிறார்கள்? கொடை நோட்டீஸில்தான் வரிதாரர் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஊருக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பில் போடும் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறேன். என்ன கேட்டு வாங்க வேண்டும்?
- மளிகைக் கடைக்காரர், வள்ளியூர்

பதில்: சரக்குக் கணக்கு, கடன் பாக்கி முழுவதையும் எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய சாதாரண அட்டவணையான சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுக்க முடியுமா, சந்தா நின்ற பிறகும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வாய் வார்த்தையை நம்பாமல், கண்ணெதிரே எடுத்து எக்செல்லில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.